சூளையில் வெந்த பாண்டு

லாமெலாஸ் ஊரில், ஒரு சாண் உயரம்கூட இல்லாத மண் பொம்மைகள் சில, தொப்பியும் பித்தளைப் பொத்தானும் வைத்த இரண்டு பாண்டு வாத்தியக் குழுக்களை, மொத்தம் எண்பது ஆம்பிளைகளை, ஒரே மத்தியானத்தில் மேடையைவிட்டுக் கீழே இறக்கிவிட்டன. யாரும் யாரையும் தள்ளவில்லை. எண்பது பேரும் தாங்களாகவே படியிறங்கினார்கள். பார்செலோஸ் வியாழச்சந்தையில் இதைச் சொன்னால் கோழி விற்கிறவர்கள் சிரிப்பார்கள். கூடையிலிருக்கும் கோழிகளும் சிரிக்கும். சிரிக்கட்டும். லாமெலாஸில் வந்து கேட்டால் நாய் உட்பட எல்லோரும் சத்தியம் செய்வார்கள். ஒரே ஒருவர்தான் அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று சாதித்தார். அவர் குவால்த்தெர், ஊர் பாண்டின் தலைவர். அது நடந்தபோது அந்த மேடையில்தான், கையில் குச்சியோடு, அவர் நின்றுகொண்டிருந்தார்.

தொடக்கம் என்று தேடிப் போனால் ஒரு ரொட்டியில் போய் நிற்கும்.

சுல்மீராவின் நாத்தனார் சுட்ட சோள ரொட்டி அது. மாட்டுக்குப் போட்டிருந்தால் மாடு வக்கீல் வைத்திருக்கும். சுல்மீராவின் புருஷன் லொரெந்தீனோ அதைக் கோசுக்கீரைச் சூப்பில் நனைக்காமல், வீரமாகக் கடித்தான். முன்பல் இரண்டும் ரொட்டியிலேயே தங்கிவிட்டன.

"நனைச்சுத் தின்னா என்ன, கௌரவம் கொறஞ்சுடுமா?" என்று நாத்தனார் கேட்டாள். ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மற்றவனுக்கு முன்பல் போனால் சிரிப்பு போகும். லொரெந்தீனோவுக்குப் போனது பொம்பார்தீனோ. பகலில் அவன் ஆற்றங்கரையில் களிமண் வெட்டுவான், மிதித்துப் பிசைவான், சூளைக்கு முட்செடிக் கட்டு சுமப்பான். அதெல்லாம் வயிற்றுக்கு. மனுஷனாக அவன் இருந்தது அந்தப் பொம்பார்தீனோவில். மடியில் உட்காரவைத்த பிள்ளை போலக் கட்டிப்பிடித்து ஊத வேண்டிய பருத்த பித்தளைக் குழல் அது. பாட்டைத் தூக்கிக்கொண்டு போவது கிளாரினெட் என்று ஊர் நினைக்கும். கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு போவது பொம்பார்தீனோ என்று லொரெந்தீனோ சொல்வான். முப்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

பிராகா நகரத்துக்குப் போய்ப் பொய்ப்பல் கட்டிக்கொண்டு வந்தான். ஈஸ்டர் ஞாயிறு வந்தது. வீட்டு வாசலெல்லாம் பூவும் பெருஞ்சீரகத் தழையும் தூவி, சிலுவை வரும் என்று சனம் காத்திருந்தது. பாதிரியார் முன்னே, பாண்டு பின்னே. லொரெந்தீனோ மூச்சை இழுத்து, ஊரே கேட்கட்டும் என்று ஒரு ஊது ஊதினான். பல் புறப்பட்டது. பாதிரியாரின் தலைக்கு மேலே பறந்து, பூக்கம்பளத்தைத் தாண்டி, சிலுவையை முத்தமிடக் குனிந்திருந்த பஞ்சாயத்துத் தலைவரின் சட்டைக் காலருக்குள் இறங்கியது. கடித்தது என்று தலைவர் இன்னமும் சொல்கிறார். தழும்பைக்கூடக் காட்டுவார்.

மறுநாள் காலையிலேயே குவால்த்தெர் வந்துவிட்டார். ஒல்லியான, நிமிர்ந்த மனிதர். பட்டாளத்து பாண்டில் இருந்து ஓய்வு பெற்றவர்; ஊரே அவரை 'மெஸ்த்ரே', அதாவது வாத்தியாரே, என்றுதான் கூப்பிடும். இரண்டு தெரு தள்ளி ஒரு ஆட்டின் கழுத்துமணி சுருதி விலகியிருந்தால் ஆட்டுக்காரனைக் கூப்பிட்டுத் திட்டுகிற காது அவருக்கு.

"லொரெந்தீனோ, குழல்."

"மூலையில இருக்கு மெஸ்த்ரே."

"தொப்பி."

"ஆணியில."

சுல்மீரா களிமண் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். "முப்பது வருஷம் ஊதின மனுஷன். உக்காந்து ஒரு கிண்ணம் வைன் குடிச்சிட்டுப் போறேன்னு சொல்லக்கூட உங்களுக்கு வாய் வரலயா?"

"குடிக்க வரலம்மா. பல்லு இல்லாம குழல் ஊத முடியாது. அது நான் போட்ட சட்டம் இல்ல, காத்து போட்ட சட்டம்."

"காத்துக்கும் நீங்கதானே குச்சி ஆட்டுறீங்க?"

குவால்த்தெர் மூலைக்கும் ஆணிக்கும் நடந்தார். குழலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். லொரெந்தீனோ கட்டிலில் ஏறி, சுவரைப் பார்த்துப் படுத்தான். படுத்தவன் படுத்தவன்தான். களிமண் வெட்டப் போகவில்லை. வறுத்த மத்தி மீனைக் கொண்டுபோய் மூக்கருகில் வைத்தாலும் திரும்பவில்லை. ஒருநாள் சுவரிடம் சொல்வது போலச் சொன்னான்:

"நான் பிரான்சுக்குப் போறேன்."

"எங்க?"

"உங்க அக்கா மகன்தான் கூப்பிட்டுக்கிட்டே இருக்கானே. கட்டடம் கட்டுற எடத்துல காவலுக்கு ஆள் வேணுமாம். சிலுவைத் திருவிழா முடிஞ்சதும் பஸ் ஏறிடறேன்."

"அம்பது வயசுக்கு மேல அந்தக் குளிர்ல போய் செங்கல்லுக்குக் காவல் இருக்கப் போறியா?"

"செங்கல்லு என்னைப் பாத்துச் சிரிக்காது."

கட்டிலுக்கு அடியில் கிடந்த பழைய சூட்கேஸ் சுல்மீராவின் கண்ணில் பட்டது. அந்த வருஷங்களில் பிரான்சுக்குப் போனவர்கள் ஆகஸ்டில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்கள். ஆகஸ்டில் பலபேருடைய காசு வந்தது, ஆள் வரவில்லை. அந்தச் சந்தில் கதவு பூட்டிய வீடுகள் எத்தனை என்று அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். பிள்ளை இல்லாத வீடு அவளுடையது. அவனும் போய்விட்டால் சுவரைப் பார்த்துப் படுக்கிற முறை அவளுக்கு வரும்.

வேலை காத்திருக்கவில்லை. திருவிழாச் சந்தைக்கு வருஷாவருஷம் அவள் மண் பாண்டு செய்வாள். கட்டைவிரலால் குடைந்த குட்டி மேடை, அதன்மேல் உட்கார்ந்த ஊதுகாரன், உப்பிய கன்னம், நீலச் சட்டை, சிவப்புக் கால்சட்டை. எல்லாப் பொம்மைக்கும் அடியில் ஒரு ஊதல் உண்டு; வாய் வைத்து ஊதுகிற துளை கால்சட்டையின் பின்பக்கத்தில் இருக்கும். குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கும். ஊதல் இல்லாத பொம்மை ஒன்றே ஒன்று, குச்சி பிடித்த பாண்டுத் தலைவர். "எனக்கு மட்டும் ஏன் இல்ல?" என்று குவால்த்தெர் ஒரு தரம் கேட்டதற்கு, "நீங்க ஊதறதில்லயே மெஸ்த்ரே, ஆட்டறதோட சரி" என்றாள் அவள். அதற்கப்புறம் அவர் அவள் கடைப்பக்கம் வந்தாலும் பூசணிக்காயைத்தான் பார்ப்பார். அங்கே பூசணிக்காயே கிடையாது.

பொம்பார்தீனோக்காரனுக்கு எப்போதும் லொரெந்தீனோவின் மீசைதான்.

"இந்தத் தடவ என்னை அந்தக் கூட்டத்துலேருந்து எடுத்துடு," என்றான் கட்டிலில் இருந்தவன்.

"எடுத்துட்டா மேடையில பல்லு போன மாதிரி எடம் காலியா இருக்குமே," என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த வசந்தத்தில் மழை விடவே இல்லை. பாறைச்சுவரில் பாசி முளைத்தது, பாசிமேல் கீரை முளைத்தது, கீரையைப் பறிக்கப் போனவளின் செருப்பில் காளான் முளைத்தது. மண் காயாமல், பச்சைப் பொம்மைகளைப் பலகையில் அடுக்கி, படுக்கையறை வாசலில் காற்றுக்கு வைத்திருந்தாள். வழக்கமாக ஒவ்வொன்றையும் ஒரே ஒரு தடவை ஊதிப் பார்ப்பாள். சத்தம் வந்தால் போதும். அன்றைக்கு ஒன்று, அடைத்த குழாய் போல முனகியது. அதை எடுத்து ஓரமாக வைக்கப் போனவள், கட்டிலைப் பார்த்தாள். மறுபடி ஊதினாள். மறுபடியும். நிலைப்படியிலேயே உட்கார்ந்து, வேறு வேலை இல்லாதவள் போல ஊதினாள்.

"என்ன எழவு அது?"

"ஊதல்."

"பன்னி வீட்டுக் கல்யாணம் மாதிரி இருக்கு."

"எனக்கு நல்லாத்தான் கேக்குது," என்று இன்னொரு ஊது ஊதினாள்.

"நிறுத்து, ஏ பொம்பள! அது ஃபா ஸ்வரமும் இல்ல, அதுக்கு அடுத்ததும் இல்ல. வீட்டுக்குள்ள வராம வெளியவும் போகாம நடு வாசல்ல நிக்குது."

"அப்ப எந்தப் பக்கம் தள்ளணும்?"

"துளைய கொஞ்சம் அகலமாக்கு."

"இவ்வளவா?"

"ஐயோ, இங்க கொண்டா!"

காலுறையோடு எழுந்து வந்தான். மூங்கில் சீவலை அவள் கையிலிருந்து பிடுங்கி, துளையை நூலளவு செதுக்கினான். ஊதினான். இன்னும் கொஞ்சம் செதுக்கினான். ஊதினான். கோவில் மணி அடித்தபோது காதைச் சாய்த்துக் கேட்டு, மணியோடு அதைச் சேர்த்துப் பார்த்தான். இரண்டும் ஒன்றாகப் படிந்தன. மண் ஊதல் ஊதப் பல் வேண்டாம், உதடு போதும். அது அவனுக்கு உறைக்கவில்லை, அவளுக்கு உறைத்தது. மூச்சு விடாமல் அடுத்த பொம்மையை நகர்த்தி வைத்தாள்.

அன்று சாயங்காலம் அவன் இரண்டு கிண்ணம் சூப்பு குடித்தான். மத்தி மீனின் தலையைக்கூட விடவில்லை.

பிறகு அவன் பலகையைவிட்டு எழவில்லை. கிளாரினெட் பொம்மைக்கு உயரமான ஸ்வரம், டிரம்பெட்டுக்கு அதற்குக் கீழே, பொம்பார்தீனோவுக்கு வயிறு பெருத்த கூடு குடைந்து அடி ஸ்வரம். ஒவ்வொன்றையும் மணியோடு ஒத்துப் பார்த்துத் தீட்டினான். மணிக்கூண்டுக்காரனைப் பார்த்து, அரைமணிக்கொருதரம் அடிப்பதைக் கால்மணிக்கொருதரம் ஆக்க முடியுமா என்று கேட்டான். கட்டிலுக்கு அடியில் இருந்த சூட்கேஸ் அங்கேயேதான் இருந்தது. சுல்மீரா கூட்டும்போதெல்லாம் துடைப்பத்தால் அதை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

சூளை அடுத்த வீட்டு அதோசிந்தாவுடையது. பெரிய தண்ணீர் ஜாடிகள் செய்கிறவள், குரலும் ஜாடி அளவு. ஜாடிகளுக்கு நடுவே இருக்கும் இடுக்குகளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் பொம்மைகளைச் செருகிக்கொள்வது அங்கே வழக்கம். இடுக்குக்கு வாடகை கிடையாது; விறகு சுமந்து கொடுத்தால் சரி. சுல்மீராவும் கிடைத்த இடுக்கிலெல்லாம் செருகினாள்: சிலது நெருப்புக்கு எதிரே, சிலது மூலையில், சிலது ஜாடி வாய்க்குள்.

சூளை ஆறித் திறந்ததும் லொரெந்தீனோ சாம்பலைக்கூடத் தட்டாமல் ஒன்றை எடுத்து ஊதினான். இன்னொன்றை ஊதினான். மூன்றாவதை ஊதும்போது அவன் முகம் பழைய கட்டிலைத் தேடியது. ஒன்றோடொன்று சேரவில்லை. ஒன்று முக்கால் படி ஏறியிருந்தது, ஒன்று ஒன்றரைப் படி. மொத்தமாக ஊதினால் பூனை மூட்டையைக் கிணற்றில் போட்டது போல இருந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா குவால்த்தெர் சந்தில் வர வேண்டும்?

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கடைசி வரைக்கும் கேட்டார். சிரிக்கக்கூட இல்லை. "மண்ணுக்குக் காது கிடையாது லொரெந்தீனோ," என்றார். "அது சட்டி ஆகும், ஜாடி ஆகும். பாண்டு ஆகாது." போய்விட்டார்.

"கேட்டியா?" என்றான் லொரெந்தீனோ. "அவரே சொல்லிட்டாரு."

"அவரு சொன்னா ஆச்சா?"

"அவரு காது அது."

அவன் வீட்டுக்குள் போய்ச் சூட்கேஸை இழுக்கிற சத்தம் கேட்டது. சுல்மீரா சூளை வாயிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதோசிந்தா ஜாடிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டே சத்தம் போட்டாள்.

"இதுக்கு ஏண்டி இப்படி உக்காந்திருக்க? எழவா விழுந்துடுச்சு? வெந்தா சுருங்கத்தானே செய்யும்? எங்கிட்ட ஒருத்தி முழங்கால் ஒசர ஜாடி கேட்டா நான் ஒரு விரல் பெருசாத்தான் வனையறேன். உங்கம்மா அப்படித்தான் செஞ்சா, உங்கம்மாவோட..."

வாய் திறந்தபடியே நின்றாள். சுல்மீராவும் நிமிர்ந்தாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நோவா கப்பலைவிட்டு இறங்கிய மறுநாளிலிருந்து லாமெலாஸ்காரர்கள் எதையும் ஒரு விரல் பெரிதாகத்தான் செய்து வருகிறார்கள். தூக்கத்தில் செய்யச் சொன்னாலும் ஒரு விரல் பெரிதாகத்தான் செய்வார்கள். ஆனால் அந்தக் கூட்டுக்குள் குடியிருக்கிற சத்தமும் கூடவே சுருங்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை. சத்தத்தை யார் அளந்தார்கள், அதுவரை?

"ஏ மனுஷா!" சுல்மீரா ஓடினாள். "சத்தத்துல ஒரு விரல்னா எவ்வளவு?"

சூட்கேஸ் திறந்து கிடந்தது. அதில் ஒரு சட்டை. லொரெந்தீனோ அவளையே பார்த்தான். கேள்வி மெல்ல உள்ளே இறங்கியது.

"அரை ஸ்வரம் எறக்கிச் செய்யணும்... கொஞ்சம் கூட இருக்கும். ஆனா எல்லாம் ஒரே மாதிரி சுருங்கணுமே. ஒண்ணு நெருப்புகிட்ட இருந்துச்சு, ஒண்ணு மூலையில இருந்துச்சு."

"எல்லாத்தையும் ஒரே கனத்துல தட்டறேன். எல்லாத்தையும் ஒரே ஜாடிக்குள்ள வெச்சு, ஜாடிய நடுச்சூளையில வெக்கறேன். அப்ப?"

"என் பெரிய ஜாடிய எடுத்துக்கோ!" என்று வேலிக்கு அப்பாலிருந்து அதோசிந்தா கத்தினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. ஒட்டுக்கேட்பதற்கு அனுமதி கேட்கிற வழக்கம் அங்கே இல்லை.

இரண்டாம் தரம் சூளையிலிருந்து எடுத்தது, சேர்ந்தது. தேனில் முக்கி எடுத்தது போலச் சேர்ந்தது என்று சொன்னால் தேன் கோபித்துக்கொள்ளும். ஆனால் லொரெந்தீனோவுக்கு ஒரு வாய்தானே? பொம்மை நிறைய இருந்தது. சந்துப் பெண்கள் எல்லோரும் திருவிழாவுக்காக வண்ணம் தீட்ட அதோசிந்தாவின் கொட்டகையில் கூடுகிற நாட்கள் அவை. ஆளுக்கு இரண்டு பொம்மை, வலதுகையில் ஒரு ஸ்வரம், இடதுகையில் ஒரு ஸ்வரம். லொரெந்தீனோ மூங்கில் சீவலைத் தூக்கினான். ஊர்வலத்தில் பாண்டு வாசிக்கிற பழைய மெட்டு. நடுவில் பொம்பார்தீனோ தனியாக ஊதுகிற இடம் வரும், பிறந்த பிள்ளைக்குக்கூட அந்த மெட்டு தெரியும்.

"அதோசிந்தா, நான் கை காட்டினப்புறம் ஊதணும். காட்டறதுக்கு முன்னால இல்ல."

"நீ மெதுவா காட்டற."

"பாட்டு மெதுவானது."

"சாவு வீட்டுக்கா போறோம்? கொஞ்சம் நடங்கய்யா."

"எம் புருஷன் வாழ்க்கையில ஒருநாளும் நான் சொன்னப்ப வாயத் தொறந்ததில்ல," என்றாள் ஒருத்தி, சிவப்புக் கால்சட்டைப் பொம்மையைத் திருப்பிப் பார்த்து. "இவன் பரவாயில்ல. ஊதினா பேசறான், நிறுத்தினா நிறுத்தறான்."

"வெலைக்குத் தருவியா சுல்மீரா? இவனைக் குடுத்துட்டு எங்க வீட்டுக்காரனை எடுத்துக்கோ."

"வேண்டாம், எனக்கு ஒருத்தனே ஜாஸ்தி," என்றாள் சுல்மீரா. கொட்டகை ஓடு பறக்கிற அளவுக்குச் சிரிப்பு. லொரெந்தீனோ சீவலால் பலகையைத் தட்டினான். "சத்தம்!" என்றான், குவால்த்தெரின் அதே குரலில். பெண்கள் ஒரு நிமிஷம் நிஜமாகவே பயந்துவிட்டார்கள்.

ஆனாலும் பஸ் நாளை அவன் மாற்றவில்லை. "இது சந்தைக்கு. சிரிச்சு ஊதிட்டு வித்துட்டு வருவீங்க," என்றான். "எனக்கு அங்க வேலை காத்திருக்கு."

சிலுவைத் திருவிழா வந்தது. பார்செலோஸ் மைதானத்தில் எதிரும் புதிருமாக இரண்டு மேடைகள், இரண்டுக்கும் தகரக் கூரை. ஒன்றில் லாமெலாஸ் பாண்டு, மற்றதில் ஆற்றுக்கு அந்தக் கரைப் பாண்டு. ஒருவர் வாசிக்க, மற்றவர் பதில் வாசிக்க வேண்டும். நடுவர் கிடையாது. நடுவில் நிற்கிற கூட்டம் எந்தப் பக்கம் முகம் காட்டுகிறதோ அந்தப் பக்கம் ஜெயம். எந்த மேடைக்கு முன்னால் முதுகு மட்டும் தெரிகிறதோ அது இறங்கிவிட வேண்டும். சில வருஷம் மதியத்தில் தொடங்கி, நிலவு வந்தும் முடியாது.

மட்பாண்டக் கடைகள் ஓரத்தில் இருந்தன. சுல்மீராவின் கடைக்கு மேலே ஒரு கித்தான் துண்டு. ஆறு பேர் நெருக்கி நின்றால் ஏழாவது ஆளின் மூக்கு நனையும்.

அந்தக் கரைக்காரர்கள் ஒரு துள்ளல் ஆட்ட மெட்டை வாசித்து, கூட்டத்தைத் தங்கள் பக்கம் வாரிக்கொண்டார்கள். குவால்த்தெர் சளைக்காமல் ஊர்வல மெட்டை எடுத்தார். மெட்டு இழைந்து போயிற்று. கூட்டம் மெல்லத் திரும்பியது. பொம்பார்தீனோ தனியாக வர வேண்டிய இடம் வந்தது. லொரெந்தீனோவின் குழலை இப்போது வைத்திருந்தது குவால்த்தெரின் மருமகன். மதியம் அவன் சிவப்பு வைனைக் கிண்ணத்தில் குடிக்காமல் வாளியில் குடித்திருந்தான் என்று கேள்வி. வாயை வைத்தான். கன்று போடுகிற பசு கொட்டகைக் கதவை முட்டிய மாதிரி ஒரு சத்தம் வந்தது. இன்னொரு தரம் வைத்தான். பசு செத்துவிட்டது. பாண்டு தடுக்கி, ஒவ்வொன்றாக நின்றது.

எதிர் மேடையில் சிரித்தார்கள். வானத்தில் இடி சிரித்தது. பெருந்துளியாக மழை.

கடையில் உட்கார்ந்திருந்த லொரெந்தீனோவின் கை, அவனைக் கேட்காமலே உயர்ந்தது. கையில் விசிறிதான் இருந்தது, கொசு ஓட்டுகிற விசிறி. சந்துப் பெண்கள் எல்லோரும் வரிசையாக அடுத்தடுத்த கடைகளில்தான் இருந்தார்கள். சுல்மீரா முதலில் எடுத்தாள், மீசை வைத்த பொம்பார்தீனோக்காரனை. அறுந்த இடத்திலிருந்து மெட்டு தொடர்ந்தது.

பித்தளை போல அது இல்லை. மாடப்புறா தொண்டைக்குள் வைத்துப் பாடினால் வருமே, அப்படி. அதற்கு மேலே குருவிகள். மழைக்குள் நுழைந்து நுழைந்து வந்தது. முதலில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள், பிறகு அவர்களைப் பார்த்தவர்கள். மைதானமே முகத்தைத் திருப்பியது. ராட்டினக்காரன் ராட்டினத்தை நிறுத்தினான். ஸ்பெயின் எல்லையில் ஒரு கோவேறு கழுதை காதை இந்தப் பக்கம் வைத்தது என்று பிறகு தகவல் வந்தது. இரண்டு மேடைகளுக்கும் முன்னால் முதுகுகள்தான் இருந்தன. அந்தக் கரை டிரம்காரர் முதலில் இறங்கினார், பின்னாலேயே கிளாரினெட்டுகள், பிறகு எல்லோரும். லாமெலாஸ் மேடையும் காலியானது. எண்பது பேர், பித்தளை நனைய நனைய, மண் கடைக்கு முன்னால் நின்றார்கள். மெட்டு முடிந்தபோது யாரும் கைதட்டவில்லை. தட்ட வேண்டும் என்று நினைவு வர நேரமாயிற்று.

வண்ணம் மழையில் கரைந்து, சிவப்புக் கால்சட்டைகளின் சாயம் பெண்களின் உதட்டில் ஒட்டிக்கொண்டது. சோப்புக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிறு பாதிரியார் உதட்டுச் சாயத்தின் தீமைகள் பற்றி நீளமாகப் பிரசங்கம் செய்தார்.

திங்கட்கிழமை குவால்த்தெர் வைன் கடையில் சொன்னார்: "பாட்டாவது, கூத்தாவது. மழை வந்தது. சனம் கித்தானுக்கு அடியில ஒதுங்குச்சு. வேற ஒண்ணும் நடக்கல."

அது லொரெந்தீனோவின் காதுக்கு வந்தது. அன்றைக்கே சூட்கேஸைத் துடைத்தான்.

"ஊரே சொல்லுதே!" என்றாள் சுல்மீரா.

"ஊருக்கு என்மேல பாசம். பாசத்துக்குச் சுருதி தெரியாது."

"நான் சொல்றேன்."

"நீ என் பொண்டாட்டி."

"அந்தக் கெழவன் சொன்னாத்தான் நம்புவியா?"

அவன் சட்டையை மடித்தான். "நான் வாசிக்கும்போது என்னைக் கேக்க முடியாது. முப்பது வருஷம் அவரு காதாலதான் என்னைக் கேட்டேன். அவரு நடக்கலன்னா நடக்கல."

சுல்மீரா நேரே குவால்த்தெரின் திராட்சைத் தோட்டத்துக்குப் போனாள். மழைக்குப் பின் கொடிக்கு மருந்து அடிக்கிற வாரம். மரத்துக்கு மரம் தாவி ஏறிய கொடிகளுக்கு நடுவே, ஏணி உச்சியில், முழங்கை வரைக்கும் மயில்துத்தத்தின் நீலத்தோடு அவர் நின்றிருந்தார்.

"நாளைக்குக் காலையில எம் புருஷன் பஸ் ஏறப் போறான்."

"நல்லது. அங்க சம்பளம் அதிகம்."

"நீங்க அன்னிக்குக் கேட்டீங்களா இல்லயா?"

"மழை பெய்ஞ்சுதும்மா."

"மழையக் கேக்கல. மெட்டக் கேக்கறேன்."

"மழைதான் கேட்டுச்சு."

"உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது மெஸ்த்ரே. சொல்லும்போது சுருதி எறங்குது."

தெளிப்பான் கொஞ்சம் நின்றது. பிறகு மறுபடி நீலமாகச் சீறியது. அவர் கீழே பார்க்கவில்லை. அவள் இலைகளிலிருந்து சொட்டிய நீலத்தைத் தலையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவனுக்கு வழிக்கு ரொட்டி கட்டினாள், உப்புக்கருவாடு கட்டினாள். கட்டும்போது முடிச்சு நாலு தடவை அவிழ்ந்தது.

காலையில் சாலை ஓரத்தில் சந்தே கூடியிருந்தது. அதோசிந்தா மூக்கைச் சிந்திச் சிந்தி ஏப்ரானை ஈரமாக்கியிருந்தாள். பஸ் வந்து நின்றது. லொரெந்தீனோ சுல்மீராவின் தோளைத் தொட்டான், என்ன சொல்வதென்று தெரியாமல் "ஆகஸ்டுல வரேன்" என்றான். அதைக் கேட்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் அவர் வருவது தெரிந்தது. தோட்டத்திலிருந்து அப்படியே வந்திருந்தார். கை, தொப்பி, ஒரு காது, எல்லாம் நீலம்.

"லொரெந்தீனோ."

"மெஸ்த்ரே."

"எங்க மேடைக்குக் கூரை இருக்கா இல்லயா?"

லொரெந்தீனோவுக்குப் புரியவில்லை. "இருக்கு. தகரக் கூரை."

"ஒழுகுமா?"

"ஒழுகாது."

"நான் எறங்கினேன்," என்றார் குவால்த்தெர். "நீ விசிறிய பாத்துக்கிட்டிருந்த, என்னைப் பாக்கல. நான் எறங்கி, கடைசி ஆளா, மழையில நின்னேன். சட்டை இன்னும் காயல. மழைக்கு ஒதுங்கறவன் எவனாவது கூரைக்கு அடியிலிருந்து மழைக்குள்ள வருவானா?"

ஓட்டுநர் ஹாரன் அடித்தான். "ஏறுறீங்களா, இல்ல எல்லாரும் சேர்ந்து என்னைப் பாத்துட்டு நிக்கப் போறீங்களா?"

லொரெந்தீனோ சூட்கேஸைத் தரையில் வைத்தான். சேற்றில் வைத்தான். கவனிக்கவில்லை. "சுருதி?" என்று கேட்டான். ஒரு அடி முன்னால் வந்தான். "சுருதி எப்படி இருந்துச்சு மெஸ்த்ரே?"

"ஒருத்தி முந்திக்கிட்டே இருந்தா."

"அதோசிந்தா."

"ஆமா, அவதான்."

"நானா?" என்றாள் அதோசிந்தா.

"மத்தபடி?" என்றான் லொரெந்தீனோ.

குவால்த்தெர் தொப்பியைக் கழற்றினார். எல்லோரையும் ஒருமுறை பார்த்தார், சுல்மீராவைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார், பிறகு கசப்பு மருந்தை ஒரே மடக்கில் குடிக்கிறவர் போலச் சொன்னார்:

"மத்தபடி நடந்துச்சுய்யா. எல்லாம் நடந்துச்சு."